எல்லா விளக்கும் பச்சைதான்

எடை மேடை இண்டிகேட்டருக்குத் தெரிந்தது ஒரே வேலை. மேலே நிற்கும் லாரி எத்தனை கிலோ என்று பின்பக்கத்து ஒன்பது பின் சாக்கெட் வழியாக ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இருக்கிறதா என்ற கவலை அதற்கு இல்லை. அந்த எண்ணைப் பஞ்சு லாரிகள் நிற்கும் யார்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் இத்தனை பாடு.

கேபிள் இழுக்கலாமே என்பார்கள். ஆர்எஸ்-232 என்பது 1960-இல் வந்த ஏற்பாடு. பதினைந்து மீட்டரைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். யார்டைத் தோண்ட முதலாளி சம்மதிக்க மாட்டார். மாடி வழியாக இழுத்தால் ஐப்பசி இடியில் இண்டிகேட்டரும் போகும், கம்ப்யூட்டரும் போகும். ஆகவே வைஃபை சீரியல் சர்வர். உள்ளங்கை அளவுப் பெட்டி, ஒரு பக்கம் சீரியல் சாக்கெட், இன்னொரு பக்கம் ஆன்டெனா. மில்லில் எல்லோருக்கும் அது 'கன்வெர்ட்டர்'. "ஒயர்கூட இல்லீங்களே சார், சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருமில்ல?" என்று கேட்கிறார்கள்.

முதலில் அந்தப் பெட்டியோடு பேசவே ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது தன் பெயரில் ஒரு வைஃபையைப் பரப்பும். போனில் அதைப் பிடித்தால், 'இதில் இன்டர்நெட் இல்லை' என்று கண்டுபிடித்து, நம்மைக் கேட்காமலே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பக்கம் திறக்காது. டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பழைய பெட்டிகள் இன்னும் மோசம். சிலவற்றின் அமைப்புப் பக்கத்துக்கு ஜாவா வேண்டும். குரோம் அந்த வாசலை 2015-இலேயே சாத்திவிட்டது. இதற்காகவே பழைய லேப்டாப் ஒன்றை ஸ்டோர் ரூமில் உயிரோடு வைத்திருக்கிறோம்.

அடுத்தது நம் ரூட்டர். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் காதில் விழும். ரூட்டரை 5-க்கு மாற்றியிருந்தாலோ, பாதுகாப்பு என்று டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருந்தாலோ, பெட்டி பேசாமல் உட்கார்ந்திருக்கும். காரணம் சொல்லாது. சேர்ந்துவிட்டாலும் ரூட்டர் கொடுக்கும் ஐபி நிலையில்லை. கரண்ட் போய் வந்தால் வேறு எண் வரலாம். சாஃப்ட்வேர் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரில் எண்ணைக் கட்டிவைக்கலாம்தான். அதன் பாஸ்வேர்டு வேலையை விட்டுப் போனவரிடம் இருக்கிறது.

இதெல்லாம் தாங்கக்கூடியது. ரத்தக் கொதிப்பை ஏற்றுவது சீரியல் பக்கம்தான். பாட் ரேட், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட் என்று நான்கே நான்கு விவரம். இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த முனையும் மற்றதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாது. தப்பாக இருந்தால் தப்பு என்றும் சொல்லாது.

இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புகிறது. பெட்டியை வழக்கம்போல 8 பிட், பாரிட்டி இல்லாமல் வைத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஓர் எழுத்துக்கு மொத்தம் 10 பிட்தான் என்பதால் வரவில் தடங்கல் இருக்காது. ஆனால் பாரிட்டி பிட்டைப் பெட்டி எழுத்தோடு சேர்த்துப் படித்துவிடும். 0, 3, 5, 6, 9 ஆகிய ஐந்து இலக்கங்களுக்கு அந்தப் பிட் பூஜ்யம், அவை சுத்தமாக வரும். 1, 2, 4, 7, 8 வேறு ஏதோ குறிகளாகிவிடும். 30,560 கிலோ லாரி திரையில் அழகாக நிற்கும். பின்னால் வரும் 24,780 கிலோ லாரிக்கு முதல் நான்கு இலக்கமும் கந்தல், கடைசிப் பூஜ்யம் மட்டும் மிஞ்சும். "முந்தின வண்டிக்கு வந்துச்சுங்களே சார், ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க" என்பார்கள். பாவம் ஆன்டெனா.

சிக்னல் நடுவில் அறுந்தால் அது ஒரு தனிக் கூத்து. கம்ப்யூட்டர் மறுபடி கூப்பிடும். பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாக நம்பி, புதியதைப் பெட்டி வாசலிலேயே திருப்பி அனுப்பும். ஒரே ஓர் இணைப்புக்குத்தான் அதில் இடம். யாராவது வெயிலில் நடந்துபோய்ச் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும். இதைத் தவிர்க்கும் கீப்அலைவ் அமைப்பு ஏதோ ஒரு பக்கத்தின் அடியில், ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் கிடக்கும். பில் போடும் சாஃப்ட்வேருக்கோ காம் 4-க்கு மேல் எண்ணத் தெரியாது. டிரைவர் உருவாக்கித் தரும் போலி போர்ட் காம் 12 என்று வந்து நிற்கும்.

கரண்ட் மீட்டர்களையும் இதே வழியில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. அவை பேசுவது மோட்பஸ், 1979 மாடல். மூன்றரை எழுத்து நேரம் மௌனம் என்றால் செய்தி முடிந்தது என்று கணக்கு. 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லிசெகண்ட். நினைத்தபோது தயங்கும் வைஃபையிடம் இந்தக் கண்டிப்பு எடுபடுமா?

போன் போட்டால் ஒருவரும் பொய் சொல்வதில்லை. மிஷின்காரர்: "டேட்டா வெளிய போகுதுங்க." நெட்வொர்க் பையன்: "பிங் அடிக்குது சார்." சாஃப்ட்வேர்காரர்: "போர்ட் ஓப்பன் ஆகுது, எங்க பக்கம் கிளியர்." பெட்டி விற்றவர்: "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிப் பாருங்க." பெட்டியிலும் பவர், வைஃபை, சீரியல் மூன்றும் பச்சை. வெளியே லாரி டிரைவர் ஹாரனை அமுக்கியபடி இருக்கிறார். கிளார்க் சீட்டைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பாட் ரேட் பொருந்தாவிட்டால் உள்ளே இருக்கும் சீரியல் சிப்புக்கு அது தெரியும். எழுத்து முடிய வேண்டிய இடத்தில் முடியாததை 'ஃப்ரேமிங் எரர்' என்று அது குறித்தே வைக்கும். அந்தச் சேதியை ஒரு சிவப்பு விளக்காகவாவது வெளியே காட்டினால் என்ன குறைந்துபோகும்? பல பெட்டிகளில் வந்தது குப்பையானாலும் விளக்கு அதே பச்சையில்தான் சிமிட்டுகிறது.

இண்டிகேட்டர் செய்கிறவர்களாவது அந்த நான்கு விவரத்தையும் சாக்கெட் பக்கத்தில் அச்சடித்துத் தரலாம். சீரியல் நம்பருக்கு இடம் இருக்கிறது, கம்பெனி முத்திரைக்கு இடம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. மேனுவலோ, இண்டிகேட்டர் வந்த அட்டைப்பெட்டியோடு எடைக்குப் போய்விட்டது. நானே மார்க்கர் பேனாவால் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன். ஆயுத பூஜைக்கு மண்ணெண்ணெய்த் துணியால் பளபளவென்று துடைத்து, அந்த இடத்திலேயே சந்தனப் பொட்டும் வைத்திருக்கிறார்கள்.