சுவர் இருக்கிறது, சித்திரம் எங்கே?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். இன்று நம் நாட்டில் சுவர் இருக்கிறது. சித்திரந்தான் சுண்ணாம்புக்குள் புதைந்து கிடக்கிறது!

சென்ற விடுமுறையில் கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையைக் கண்டேன். 1555-இல் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது. பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் ‘டச்சு அரண்மனை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பள்ளியறைச் சுவரெங்கும் இராமகாதை. அகன்ற விழி, அழுத்தமான கோடு, அணிமேல் அணி, காவியும் மஞ்சளும் பச்சையும்!

“நிழல் இல்லை, தொலைவு இல்லை, இது என்ன ஓவியம்?” என்றார் உடன்வந்த நண்பர். மேலைநாட்டு அளவுகோலை அவர் நீட்டியதால், மேலைநாட்டுச் சான்றையே காட்டுகிறேன்.

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்தவர் சீமாபுவே. அவர் பயின்றதும் பைசாந்திய மரபே. பொன்வண்ணப் பின்னணி, கோடிட்ட ஆடை மடிப்பு, நேர்நோக்கும் பெருவிழி. மட்டாஞ்சேரிக்கும் பிளாரன்சுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று நான் கூறவில்லை. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எழுதாமல், மரபு வகுத்த இலக்கணப்படி தெய்வ வடிவை எழுதுவது இரண்டிற்கும் பொது.

அப்பழைய பாணியை 1550-இலேயே வசாரி என்பார் முரடு என்று இகழ்ந்தார். இகழ்ந்த நாடு அதை அழித்துவிட்டதா? இல்லை. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருகிப் பிளாரன்சு நகரம் மூழ்கியது. சீமாபுவே தீட்டிய சிலுவை ஓவியத்தில் பாதிக்குமேல் வண்ணம் உதிர்ந்தது. பத்தாண்டு உழைத்து, 1976-இல் மீண்டும் பார்வைக்கு வைத்தனர். உதிர்ந்த இடத்தில் புதுப்படம் எழுதவில்லை. நுண்கோடுகளால் நிரப்பி, இழப்பை இழப்பாகவே காட்டினர்.

நாம் செய்வதென்ன? குடமுழுக்கு என்றதும் வெள்ளையடிக்கிறோம். எஞ்சியதன்மேல் பளபளக்கும் வண்ணம் பூசுகிறோம். “கோயில் வழிபடும் இடம், அழுக்குச் சுவரை அப்படியே விடுவதா?” என்பர் சிலர். நியாயமான கேள்விதான். அழுக்கை நீக்குங்கள்; ஓவியத்தை மூடாதீர்கள்!

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் கண்டறிந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி. கல்லூரி மேடையோடு நிற்காமல் கோயிலின் இருட்டறைக்குள் நுழைந்த தமிழர் அவர்.

நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கோயில் சுவரை உற்றுப் பாருங்கள். ஓவியம் இருந்தால் படம் பிடித்து வையுங்கள். திருப்பணி தொடங்குமுன் பெரியவர்களிடம் பணிவோடு, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வாளி வந்தபின் சொல்லிப் பயன் என்ன?