கல்யாணத்துக்கும் சக்குபந்தி

உத்தமபாளையம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 27 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். கிழக்கே இன்னார் தென்னந்தோப்பு, மேற்கே பொதுப்பாதை, வடக்கே வாய்க்கால் என்று அடுத்தவர் நிலத்துக்கு நாலு எல்லை காட்டும் சக்குபந்தி எழுதப் பத்து நிமிஷம் போதும். என் மகளுக்காக இரண்டு பக்கக் கடிதம் எழுத நாலு நாள் ஆனது.

மகள் மெல்பர்னில் நர்ஸ். 482 என்கிற தற்காலிக வேலை விசாவில் போனவள். அங்கே குடியுரிமை பெற்ற யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, வாழ்க்கைத்துணை விசாவுக்கு மாற மனுப் போட்டிருக்கிறாள். இந்த உறவு உங்களுக்கு எப்போது தெரிந்தது, எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் மனுவுக்கு வலு என்று அங்குள்ள குடியேற்ற முகவர் சொல்லியிருக்கிறார்.

எப்போது தெரிந்தது? 2023 சித்திரை, வீரபாண்டித் திருவிழா சமயம். எப்படி ஏற்றுக்கொண்டோம்? அங்கேதான் பேனா நின்றது. "அவங்க என்ன ஆளுங்க?" என்பதுதான் என் வாயில் வந்த முதல் கேள்வி. அதற்கப்புறம் எட்டு மாதம் நான் அவளோடு பேசவில்லை. போன் வந்தால் அவள் அம்மா கொல்லைப்புறம் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கல்யாணம் முடிந்து மனுப் போட்ட சேதி ஊருக்குத் தெரிந்ததும் டீக்கடையில் ஒருத்தர் சொன்னாராம்: "வேலை விசா முடியப்போகுதுல்ல, அதான் புருஷன் விசாவுக்குத் தாவிட்டா." சொன்னவர் வெளியாள் இல்லை, பங்காளி. அவர் முகத்துக்கு நேரே சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

விசா பார்த்துக் கல்யாணம் பண்ணும் பழக்கத்தை இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு என் மகள் கொண்டுவரவில்லை. கம்பத்திலும் சின்னமனூரிலும் தரகர் கொடுக்கும் தாளில் நட்சத்திரத்துக்கு அடுத்த வரியே அதுதான். ஹெச்1பி, பி.ஆர்., சிட்டிசன். ஜாதகம் பொருந்தாவிட்டால் பரிகாரம் உண்டு, பி.ஆர். இல்லாவிட்டால் கிடையாது. அமெரிக்காவுக்கு ஹெச்4 விசாவில் மனைவியாகப் போன பெண் 2015 மே வரைக்கும் அங்கே வேலைக்கே போக முடியாது. அதற்குப் பிறகும், கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான் அனுமதி. பி.இ. படிக்கவைத்து, நகை போட்டு, அப்படி எத்தனை பெண்களை நாம் வழியனுப்பி வைத்தோம். விசாவுக்காகக் கட்டிவைத்தான் என்று எந்த அப்பனையும் யாரும் சொன்னதில்லை. பெரியவர்கள் பார்த்து முடித்தால் சம்பந்தம், பிள்ளைகள் தாங்களே முடித்தால் தாவல். இது என்ன நியாயம்?

இன்னொன்று, இந்தத் தாவல் பங்காளி நினைப்பதுபோல லேசும் இல்லை. கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு விடியக்காலை ஜீப்பில் போகிற பெண்களைக் கேளுங்கள். கங்காணி கூப்பிட்டால்தான் அன்றைக்குக் கூலி. மகளின் வேலை விசாவும் அந்தச் சாதிதான். கூப்பிட்ட முதலாளியை விட்டு விலகினால் வேறொரு முதலாளி பிடிக்க 180 நாள், அதுவும் 2024 ஜூலைக்குப் பிறகு. அதற்கு முன்பு 60 நாள்தான். சரி, வாழ்க்கைத்துணை விசாவுக்கு மனுப் போட்டுவிட்டால் மறுநாளே வேலையை உதறிவிடலாமா என்றால் அதுவும் ஆகாது. பழைய விசா உயிரோடு இருக்கும்வரை அதன் நிபந்தனைதான் செல்லும். கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், நம் காசுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் ஓடிவிடும். முதலில் 820 என்கிற தற்காலிகம். மனுப் போட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் 801 என்கிற நிரந்தரத்தையே பரிசீலிப்பார்கள்.

போன தை மாதம் என் அம்மா தவறிவிட்டார். மகளின் வேலை விசா அதற்குள் முடிந்து, முடிவு வரும்வரை தங்கிக்கொள்ளக் கொடுக்கும் இடைக்கால விசாவில் இருந்தாள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே வந்தால் அது அத்தோடு காலாவதி. திரும்பி நுழைய வேறொரு வகை இடைக்கால விசா வாங்க வேண்டும். வாங்கிவிட்டு வந்து சேர்ந்தாள், பதினாறாம் நாள் காரியத்துக்கு.

இருந்தாலும் அந்த ஊர் அதிகாரிகளிடம் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. கல்யாணம் மெய்யா என்று பார்க்க அவர்களும் நாலு எல்லைதான் வைத்திருக்கிறார்கள். பணம் எப்படிப் புழங்குகிறது, வீடு எப்படி நடக்கிறது, வெளியே நாலு பேர் இவர்களைத் தம்பதியாகப் பார்க்கிறார்களா, ஒருவர்மேல் ஒருவருக்குப் பிடிப்பு எவ்வளவு. வீட்டு வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுகூட அவர்கள் விதிகளில் இருக்கிறது. சமையல் யார், துணி துவைப்பது யார் என்று மகள் எழுதி அனுப்பியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமலே, "நமக்கு இப்படி வச்சிருந்தா அந்த மாசமே ரத்தாகியிருக்கும்" என்றாள்.

பெண் பார்க்கப் போகும் வீட்டில் இதில் ஒன்றையாவது கேட்கிறோமா? தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று 2009ல் சட்டம் வந்தது. ஆனால் பதிவு மனு எழுத என்னிடம் அவசரமாக ஓடிவருவதென்னவோ பெரும்பாலும் விசாவுக்குச் சான்றிதழ் வேண்டியவர்கள்தான். மாப்பிள்ளை லீவு முடிய நாலு நாள் இருக்கும். கையெழுத்துப் போடும் பெண்ணிடம், "அங்கே போனா வேலைக்குப் போக அனுமதி உண்டாம்மா?" என்று கேட்பேன். பதில் அப்பாவிடமிருந்து வரும்: "அதெல்லாம் மாப்ள பாத்துக்குவாரு." கணவன் அடித்து உறவு முறிந்தாலும் மனைவியின் விசா மனு அத்தோடு செத்துவிடாது, மேலே நடத்த வழி உண்டு என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்கிறது. அங்கே அனுப்புகிறவர்கள் பட்டுப்புடவை மடிப்போடு சேர்த்து இதையும் அந்தப் பெண் காதில் போட்டு அனுப்புங்கள். நான் சொன்னால் அபசகுனம் என்கிறார்கள்.

கடிதத்துக்கு வருகிறேன். மூன்று நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். கேள்விப்பட்டதுமே மகிழ்ந்து ஆசீர்வதித்தோம் என்று ஒரு நகல். பொய்ப் பத்திரம் என்றால் என் கை தன்னால் கூசும். நாலாம் நாள் ராத்திரி அவளுக்கே போன் போட்டேன்.

"நடந்ததை எழுதுங்கப்பா."

"எட்டு மாசம் பேசலைன்னு எழுதினா ஒனக்கு விசா கெடைக்குமா பாப்பா?"

"அப்புறம் பேசினீங்கள்ல. அதையும் எழுதுங்க."

எழுதினேன். கூடவே குடும்பப் படம் ஒன்று கேட்டிருந்தாள். கம்பத்தில் வைத்த வரவேற்பில் எடுத்த படத்தில் எல்லாம் நான் பட்டு வேட்டியில் விறைத்துக்கொண்டு நிற்கிறேன், மருமகனுக்கும் எனக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம். மறுநாள் சுருளி அருவிக்குப் போனபோது அவள் செல்போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. பாறையில் வழுக்கி மருமகன் கால் ஒரு பக்கம் போகிறது, செருப்பு தண்ணீரில் போகிறது, நான் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து இழுக்கிறேன். முகம் தெளிவாகக்கூட இல்லை.

அதைத்தான் அனுப்பினேன்.