மீண்டும் பார்க்கும்போது

சிறு வயதில் பார்த்த 'போக்கிமொன்' முதல் திரைப்படத்தை இன்று பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தீர்களா? 1996இல் ஜப்பானில் வெளிவந்த வீடியோ விளையாட்டொன்றை அடியொற்றி, 1998இல் அங்கு வெளியான கார்ட்டூன் படம் அது.

அன்று உங்கள் கண்ணில் சண்டை மட்டுமே பட்டிருக்கும். ஆய்வுகூடத்தில் பிரதியாக உருவாக்கப்பட்ட மியூடூ, தான் யார், எதற்காக உண்டாக்கப்பட்டோம் என்று தவிப்பதை இன்றுதான் கவனிப்பீர்கள். அதனை உருவாக்கியோர் வலிமையையே எதிர்பார்த்தனர். அன்பு காட்ட எவருமில்லை. கோபத்தின் வேர் அதுவே. இறுதியில் சண்டையை நிறுத்தியது பலமல்ல. நடுவே பாய்ந்து கல்லாகிப்போன சிறுவன். இரு தரப்பும் சிந்திய கண்ணீரே அவனை மீட்டது.

பரீட்சைப் புள்ளிகளை மட்டும் விசாரிக்கும் வீட்டில் வளரும் பிள்ளையும் மியூடூவின் கேள்வியையே மனதுக்குள் கேட்கிறது. படம் முடிந்ததும், "உனக்கு யார்மீது இரக்கம் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் உள்ளம் தெரியும்.