பெட்டியை ஏற்றிவிட ஐந்து பேர்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

சேலஞ்சர் விண்ணோடம் என்றதும் எல்லோருக்கும் 1986 ஜனவரி 28 ஞாபகம் வரும். கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை அதில் போனார் என்பதால், என்னைப் போன்ற வாத்தியார்களுக்கு அந்த நாள் மறக்கவே மறக்காது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு, 1985 ஜனவரி 24 அன்று, டிஸ்கவரி விண்ணோடம் போய்வந்த ஒரு பயணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அதைச் சொல்லாமல் சேலஞ்சரின் கதையைச் சொல்ல முடியாது.

அது அமெரிக்க ராணுவத்துக்காக முழுக்க முழுக்க ரகசியமாக நடந்த முதல் விண்ணோடப் பயணம். போனவர்கள் ஐந்து பேர், ஐவருமே படைத்துறையினர். தலைவர் கென் மேட்டிங்லி. (அம்மை தொற்றியிருக்கலாம் என்று அப்பல்லோ 13-லிருந்து கடைசி நேரத்தில் இறக்கிவிடப்பட்டாரே, அதே மனிதர்.) எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைக்கூட ஒன்பது நிமிடம் முன்புதான் வெளியே சொன்னார்கள். உள்ளே இருந்தது ஒட்டுக்கேட்கும் செயற்கைக்கோள் என்று பரவலாக நம்பப்படுகிறது. முந்தைய மாதமே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அப்படி எழுதிவிட்டது. எதிரிக்கு உதவுகிற வேலை என்று பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர் கொதித்தார்.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்தோடு போன அந்த ஐவர் செய்த முக்கியமான வேலை என்ன? விண்ணோடம் சில நூறு கிலோமீட்டர் உயரம்தான் போகும். இந்த மாதிரி செயற்கைக்கோள் நிற்க வேண்டிய இடமோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம். மீதித் தூரத்துக்கு அதன் அடியில் இரண்டு அடுக்கு ராக்கெட் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். சரக்கு அறையைத் திறந்து இரண்டையும் சேர்த்து வெளியே விட்டுவிட்டு, ஓடம் தள்ளிப் போய்விடும். பிறகு அந்த ராக்கெட் தானாகவே எரிந்து மேலே போகும். ஊருக்குப் போகிற பெட்டியைப் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட ஐந்து பேர் போனது போலத்தான்.

ஆள் கூடவே இருந்தால் கோளாறைச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். 1983 ஏப்ரலில் இதே வகை ராக்கெட் ஒன்று, நாசாவின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைக் கொண்டுபோகும்போது பாதியில் பிசகியது. சேலஞ்சரில் இருந்த வீரர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. தரையில் இருந்த பொறியாளர்கள்தான், செயற்கைக்கோளில் இருந்த குட்டி உந்துகலன்களைப் பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கி, அதை உரிய இடத்துக்கு ஏற்றினார்கள். 1993-ல் ஹப்பிள் தொலைநோக்கியை ரிப்பேர் செய்தது வேறு விஷயம். அங்கே மனிதக் கை வேண்டியிருந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அப்புறம் ஏன் ஆளை அனுப்பினார்கள்? 1970-களின் தொடக்கத்தில் விண்ணோடத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க நாசாவுக்கு விமானப்படையின் ஆதரவு தேவைப்பட்டது. சரக்கு அறை 60 அடி நீளம், 15 அடி அகலம் வேண்டும் என்று விமானப்படை கேட்டது, கொடுத்தார்கள். பதிலுக்கு, ராணுவச் செயற்கைக்கோள்களும் இனி விண்ணோடத்தில்தான், ஆளில்லாத பழைய ராக்கெட்டுகளை மெல்ல மூடிவிடலாம் என்று ஏற்பாடு. செலவுக் கணக்கு சரியாக வர, ஓடம் அடிக்கடி பறந்தாக வேண்டும். மனித உயிர் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது 1985 ஜனவரிக்கு வருகிறேன். அந்த வாரம் ஃபுளோரிடாவில் கடுங்குளிர். பயணத்தை ஒருநாள் தள்ளிவைத்தே கிளப்பினார்கள். ஐவரும் 27-ம் தேதி பத்திரமாகத் திரும்பினார்கள். ஆனால் கடலில் விழுந்த பூஸ்டர்களை எடுத்துப் பிரித்தபோது, அவற்றைச் செய்த மார்ட்டன் தயக்கோல் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி திடுக்கிட்டார். மூட்டுகளை அடைக்கும் இரண்டு ரப்பர் வளையங்களுக்கு நடுவே இருந்த கிரீஸ் கன்னங்கரேல் என்று இருந்தது. முதல் வளையத்தைத் தாண்டிச் சூடான வாயு கசிந்திருக்கிறது. அன்று மூட்டின் வெப்பநிலை 53 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். குளிரில் ரப்பர் விறைத்துவிடும், சட்டென்று விரிந்து இடைவெளியை அடைக்காது. ஜூலையில் அவர் மேலதிகாரிகளுக்கு எழுத்திலேயே எச்சரித்தார்.

1986 ஜனவரி 27 இரவு தொலைபேசியில் நடந்த கூட்டத்தில், 53 டிகிரிக்குக் கீழே கிளப்ப வேண்டாம் என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். அந்த 53 எங்கிருந்து வந்தது? டிஸ்கவரியின் அந்த ரகசியப் பயணத்திலிருந்துதான். நாசா தரப்பில் அதிருப்தி. நிறுவன நிர்வாகிகள் தனியாகக் கூடிப் பேசி, பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றிவிட்டார்கள். மறுநாள் சேலஞ்சர் 73 விநாடிதான் பறந்தது. ஏழு பேர் போனார்கள். விசாரணையின்போது இயற்பியல் அறிஞர் ஃபைன்மன் ஒரு ரப்பர் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டியதை இணையத்தில் தேடி, உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நான் பார்த்த மிகச் சிறந்த வகுப்பு அது.

அன்று சேலஞ்சரின் சரக்கு அறையிலும் ஒரு பெரிய தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் இருந்தது. அந்த ஏழு பேரில் ஒருவர் எல்லிசன் ஒனிசூகா, ஹவாய்க்காரர். முந்தைய ஜனவரியில் டிஸ்கவரியில் போன ஐவரில் அவரும் ஒருவர்.

ராணுவத்துக்கே இது பிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. எல்லாவற்றுக்கும் விண்ணோடத்தையே நம்பியிருக்கக் கூடாது, ஆளில்லாத ராக்கெட்டும் கையில் வேண்டும் என்று விமானப்படையின் ஆல்ட்ரிட்ஜ் விபத்துக்கு முன்பே வாதாடி, 1985-லேயே அனுமதியும் வாங்கியிருந்தார். நாசாதான் முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தது. விபத்துக்குப் பிறகு ராணுவச் செயற்கைக்கோள்கள் டைட்டன் 4 போன்ற ஆளில்லாத ராக்கெட்டுகளுக்கு மாறின. ராணுவத்தின் ரகசியச் சரக்கோடு விண்ணோடம் கடைசியாகப் போனது 1992 டிசம்பரில். அதன் பிறகும் அந்தச் செயற்கைக்கோள்கள் மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன, கூட ஒரு ஆள்கூட இல்லாமல்.