‘பீர் மட்டும்தான்’ என்னும் விடை

புறநோயாளர் பிரிவில் நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “மது அருந்தும் பழக்கம் உண்டா?” என்பது. இதற்கு ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ நேராக விடை வருவது அரிது. “பீர் மட்டும்தான் சார்” என்பார் ஒருவர். “நல்ல பிராந்திதான், மட்டமான சரக்கைத் தொடுவதே இல்லை” என்பார் மற்றொருவர். “கள் இயற்கையானது, அது மதுவிலேயே சேராது” என்பார் ஊர்ப்பெரியவர். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகன், “அப்பாவுக்கு ஒயின்தான் கொடுக்கிறோம், இதயத்துக்கு நல்லது” என்பார். நாங்கள் கேட்டது பழக்கத்தை. எங்களுக்குக் கிடைப்பது விருப்பத்தின் பெயர்.

ஒருவருக்கு எந்தப் பானம் பிடிக்கும் என்பது அவருடைய நாவைப் பொறுத்தது. அதில் மருத்துவருக்கு வேலையில்லை. ஆனால் அந்த விருப்பமே ஒரு கேடயமாக மாறி, அதன் பின்னால் அளவு மறைந்துகொள்ளும்போது எங்கள் வேலை தொடங்குகிறது. ‘எது’ என்ற கேள்வி நோயாளியையும் குடும்பத்தையும் ஆறுதல்படுத்துகிறது. ‘எவ்வளவு’ என்ற கேள்விதான் உயிரைக் காக்கிறது என்பது எங்கள் கருத்து.

இதற்கான கணக்கு எளிது. பாட்டிலின் அளவை அதன் ஆல்கஹால் விழுக்காட்டால் பெருக்கி, நூறால் வகுத்து, மீண்டும் 0.79ஆல் பெருக்கினால் உடலுக்குள் செல்லும் ஆல்கஹாலின் எடை கிராமில் கிடைக்கும். நம் நாட்டு உணவுத் தர விதிகளின்படி 5 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ள பீர் மென்மையானது. அதற்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ளது ‘ஸ்ட்ராங்’ வகை. இந்தியாவில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி இந்த ஸ்ட்ராங் வகையே. 650 மி.லி. கொண்ட ஒரு பாட்டில் மென்மையான பீரில் ஏறத்தாழ 26 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதே அளவுள்ள 8 விழுக்காடு பீரில் 41 கிராம். 42.8 விழுக்காடுள்ள பிராந்தியில் 180 மி.லி., அதாவது ஒரு ‘குவார்ட்டர்’, 61 கிராம்.

ஆகவே, மாலையில் இரண்டு பாட்டில் ஸ்ட்ராங் பீர் குடிப்பவர் 82 கிராம் ஆல்கஹாலை உட்கொள்கிறார். ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிப்பவரைவிட அவர் உட்கொள்வது அதிகம். ஆனால் வீட்டிலும் தெருவிலும் முதலாமவருக்கு ‘பீர் குடிப்பவர்’ என்ற மென்மையான பெயர். இரண்டாமவருக்குக் ‘குடிகாரர்’ என்ற பெயர். கல்லீரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. வாற்கோதுமையை நொதிக்க வைத்தாலும், கரும்புப்பாகிலிருந்து காய்ச்சி வடித்தாலும், பனையிலிருந்து இறக்கினாலும் கிடைப்பது எத்தனால் என்ற ஒரே பொருள்தான். கல்லீரல் அதை மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் சிதைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி, குளியல் என எதனாலும் இந்த வேகம் கூடாது.

வாகனம் ஓட்டுவோர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வாகனம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வெறும் வயிற்றில் ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீரை விரைவாகக் குடித்தால் அந்த அளவு 100 மில்லிகிராமை நெருங்கக்கூடும். அது 30க்குக் கீழே இறங்க நான்கைந்து மணி நேரம் ஆகலாம். செங்கம் சாலையிலோ வேட்டவலம் சாலையிலோ இரவில் இருசக்கர வாகனத்தில் திரும்புபவருக்கு “ஒரே ஒரு பீர்தான்” என்பது பாதுகாப்பு ஆகாது.

பீரைப் பற்றி நம் பகுதியில் நிலவும் வேறு இரண்டு நம்பிக்கைகளையும் பார்ப்போம். முதலாவது, அது உடற்சூட்டைத் தணிக்கும் என்பது. சித்திரை, வைகாசி மாதங்களில் மலையடிவாரத்துப் பாறையும் தெருவும் காய்ந்து கிடக்கும்போது, குளிர்ந்த பீர் தொண்டைக்கு இதமாக இருப்பது உண்மையே. ஆனால் குளிர்ச்சி தருவது குளிர்சாதனப் பெட்டிதான். சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் இயக்குநீரின் சுரப்பை ஆல்கஹால் குறைக்கிறது. அதனால் உடலிலிருந்து நீர் கூடுதலாக வெளியேறுகிறது. வெயிலில் உழைத்துவிட்டு வந்தவருக்கு வேண்டியது தண்ணீரும் உப்பிட்ட மோரும் நீராகாரமும்.

இரண்டாவது, பீர் சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்பது. பீர் குடித்தால் சிறுநீர் பெருகுவது உண்மை. சிறுநீர் பெருகினால் மிகச் சிறிய கற்கள் நகர்ந்து வெளியேறக்கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணியைத் தண்ணீரே செய்துவிடும். பீர் எந்தக் கல்லையும் கரைப்பதில்லை. மேலும், பீரில் உள்ள பியூரின்களும் ஆல்கஹாலும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். கல்லுக்கு மருந்தென்று நம்பிப் பீர் குடித்தவர், பெருவிரல் வீங்கிச் சிவந்து கீல்வாத வலியோடு வருவதற்கு வாய்ப்புண்டு. ஒரு பாட்டில் ஸ்ட்ராங் பீரில் ஆல்கஹாலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 290 கலோரி கிடைக்கிறது என்பதைச் சர்க்கரை நோயாளரும் உடல் பருத்தவரும் நினைவில் கொள்ளல் நலம்.

ஒயின் இதயத்தைக் காக்கும் என்ற பேச்சுக்கும் இன்று வலுவில்லை. எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதை 2023 சனவரியில் உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே மதுபானங்களைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் ஆகிய உறுப்புகளின் புற்றுநோயோடு மதுவுக்குள்ள தொடர்பு இன்று நன்கு அறியப்பட்டது.

‘தரமான சரக்கு’ என்ற வாதத்துக்கும் விடை சொல்ல வேண்டும். 2024 சூனில் நம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் மூளையையும் அழிக்கிறது. அந்தத் துயரத்துக்குப் பின், “நாங்கள் கடையில் முத்திரை பார்த்துத்தான் வாங்குகிறோம்” என்று ஆறுதல் அடைந்தோர் பலர். முத்திரையிட்ட பாட்டிலில் மெத்தனால் நஞ்சு இராது என்பது உண்மைதான். ஆனால் மெத்தனால் ஓரிரு நாளில் செய்வதைப் போன்ற அழிவை எத்தனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஓசையின்றிச் செய்கிறது. வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்து எங்கள் வார்டில் படுத்திருப்பவர்களுள் பெரும்பாலோர் கள்ளச்சாராயம் குடித்தவர் அல்லர்; கடையில் வரிசையில் நின்று வாங்கியவர்களே.

இங்கே நியாயமான ஓர் எதிர்க்கேள்வி எழும். ஆண்டுக்கு இரண்டு முறை நண்பர் திருமணத்தில் ஒரு பீர் குடிப்பவரையும் நாள்தோறும் குடிப்பவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கக் கூடாது. கேடு அளவோடு சேர்ந்து வளர்வது. எப்போதோ குடிப்பவரை நாங்கள் நோயாளி என்று முத்திரை குத்துவதில்லை. தமிழர் வாழ்வில் கள்ளும் இருந்தது. ‘கள்ளுண்ணாமை’ என்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் இருந்தார். 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் நீங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் நிறுவனமே நடத்தி வருகிறது. சட்டம் எப்படி மாறினாலும் கல்லீரலின் விதி மாறவில்லை. மதுவிலக்கு வேண்டுமா என்பதை மக்களும் அரசும் பேசித் தீர்மானிக்கட்டும். நாங்கள் கேட்பது உண்மையான அளவை மட்டுமே.

அந்த உண்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பராமரிப்பாளர்கள் அறிய வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர், எலும்பு முறிவுக்கோ குடலிறக்கத்துக்கோ மருத்துவமனையில் சேர்கிறார் என்று கொள்வோம். இங்கே அவருக்கு மது கிடைக்காது. முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றலாம். இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். இல்லாத உருவங்களைக் காண்பார்கள், ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். காற்று கருப்பு அண்டிவிட்டது என்று எண்ணி விபூதி மந்திரிக்கக் குடும்பத்தார் கிளம்புவதும் உண்டு. இது மது திடீரென நின்றதால் வரும் நோய். கவனிக்காவிட்டால் உயிரைப் பறிக்கும். முன்னரே தெரிந்தால், உரிய மருந்துகளாலும் தயமின் என்னும் உயிர்ச்சத்து ஊசியாலும் பெரும்பாலும் தடுத்துவிடலாம். “பீர் மட்டும்தான், எப்போதாவது” என்ற விடை அந்த வாய்ப்பை மூடிவிடுகிறது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. அண்ணாமலையார் தீபத்துக்காகவும் ஐயப்பனுக்கு மாலை அணிந்தும் ஆண்டுதோறும் பலர் மதுவை விடுகிறார்கள். அந்த விரதத்தை நாங்கள் மதிக்கிறோம். ஒரு மண்டலம் விட முடிந்தவர் அதற்கு மேலும் விட முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் நாள்தோறும் காலையிலேயே குடிக்கத் தொடங்குபவர், விட்டால் கை நடுங்குபவர், முன்பு வலிப்பு வந்தவர் ஆகியோர் மாலை அணியும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டில் தனியே, ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது.

மருந்துகளும் அளவைக் கேட்கின்றன. காசநோய் மாத்திரை உண்பவர் மது அருந்தினால் கல்லீரல் பாதிப்பின் வாய்ப்பு உயர்கிறது. வலிப்பு மாத்திரை, இன்சுலின், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றோடு மது சேர்ந்தால் விளைவுகள் கடுமையாகலாம். நாள்தோறும் குடிப்பவருக்கு, காய்ச்சலுக்கு நாமே வாங்கிப் போடும் பாரசிட்டமால் கூட அளவு மிஞ்சினால் தீங்கு செய்யும்.

எனவே எங்கள் வேண்டுகோள்கள் சில. எது குடிக்கிறீர்கள் என்பதோடு நில்லாமல், எத்தனை பாட்டில், வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். கணவர் முன்னிலையில் சொல்ல அஞ்சும் மனைவியர், செவிலியரைத் தனியே அழைத்துச் சொல்லலாம். அது நோயாளியின் சிகிச்சைக்கு மட்டுமே பயன்படும். குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் ‘குடி மறக்கும் மருந்து’ எதையும் வாங்காதீர்கள். அவற்றுள் சிலவற்றில் உள்ள மருந்தின் மீது மது பட்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருத்துவர்களாகிய நாங்களும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். நாங்கள் கேட்கும் கேள்வியில் இகழ்ச்சி தொனித்தால் நோயாளி அளவைக் குறைத்துத்தான் சொல்வார். கோயில் நகரில் குடிப்பவர் என்று அறியப்படுவதே ஓர் அவமானமாக இருக்கும்போது, உண்மை சொல்பவருக்குப் பரிசாக அறிவுரைச் சொற்பொழிவு கிடைக்கக் கூடாது. குடி அடிமைத்தனம் ஒரு நோய் என்ற எண்ணத்தோடு 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. அந்த வழி இன்றும் பொருந்தும். உதவி வேண்டுவோர் 104 என்ற தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண்ணையோ, 14416 என்ற மனநல உதவி எண்ணையோ, 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையோ அழைக்கலாம்.

அடுத்த முறை எங்கள் அறைக்கு வரும்போது, ‘பீர் மட்டும்தான்’ என்பதோடு ஓர் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தாலும் தயங்க வேண்டாம். சிகிச்சையை நாங்கள் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.