பசுமை வேலை யார் கையில்?

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஒரே காலாண்டில் 12,700 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் காட்டியது. அதே மாதம் 12,000 பேருக்கு மேல் ஆட்குறைப்பு என்றும் அறிவித்தது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கை நம்பியிருக்கும் ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊர்களின் இளைஞர்களுக்கும் இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி.

வேலை பறிக்கப்பட்டோருக்குக் காலநிலைத் துறைக்கு மாறுமாறு உபதேசிக்கப்படுகிறது. அவ்வேலை எங்கே? 2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவமற்ற மின்திறன் என்று 2021இல் கிளாஸ்கோவில் மோடி முழங்கினார். காற்று, சூரிய மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை முன்கணித்து மின்தொகுப்பை இயக்க மென்பொருள் ஊழியர் தேவை. ஆனால் அத்துறை பெரிதும் தனியார் கையில், லாபமில்லையேல் வேலையுமில்லை.

தனித்தனியே விண்ணப்பம் போடுவது தீர்வாகாது. பசுமை மின்சாரம் பொதுத்துறையில் வளர வேண்டும். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி என்ற பாதுகாப்பு ஆலை, சுரங்கம், தோட்டத்தோடு நிற்காமல் மென்பொருள் துறைக்கும் நீள வேண்டும். சங்கமாகத் திரள்வதே வழி.