கைநாட்டும் சம்மதமும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு சாயங்கால வேளை. சேற்றில் கையால் துழாவிப் பிடித்த இறாலைச் சட்டியிலிட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் சாமி, பட்டணத்துலேருந்து வந்துக்கிறியே, ஒனக்குத் தெரியுமா? போன வருசம் ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கினு போனாங்களே, அதுல இன்னா இருந்துச்சின்னு சொல்லவே இல்லியே?"

யார் வந்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஊர்ப் பெரியவர் சரி என்றார், காகிதத்தில் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள்.

சென்னைக்குத் திரும்பியதும் இதை ஒரு டாக்டர் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அவர்களுக்கு விளக்கிச் சொன்னால் மட்டும் புரிந்துவிடப் போகிறதா, ஸார்? எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தானே!" என்றார்.

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

புரியாதாம்! இந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. எந்த நீர்ப்பரப்பில், எந்த நாளில், எந்த வலையோடு, யார் இறங்கலாம் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. வக்கீல் இல்லாமலே உரிமை, முறை, தண்டனை எல்லாம் வகுத்துக்கொண்ட ஜனங்கள் இவர்கள். ஒரு பாதிப் பேருக்கு மருந்தும் மறுபாதிப் பேருக்கு வெறும் மருந்துபோன்ற ஒன்றும் கொடுத்துப் பார்ப்பார்கள், யாருக்கு எது என்பது குலுக்கலில்தான் தீரும் என்று சொன்னால், ஏலச்சீட்டும் குலுக்குச்சீட்டும் கட்டுகிற பெண்களுக்கா புரியாது? புரியவில்லை என்றால் குறை கேட்டவளிடம் இல்லை, சொன்னவரிடம்.

நான் ஆராய்ச்சிக்கு விரோதி அல்ல. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தும் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டியது. எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் பிரியாமல் பிழைத்தது அதனால். 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெறும் ஊசியோ போட்டுப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மை உலகுக்குக் கிடைத்தது. அந்த உண்மைக்குக் கை நீட்டியவர்கள் நம் கிராமத்து ஜனங்கள். ஆனால் சோதனைக்கு உட்படும் மனிதனுக்கு என்ன உரிமை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டதே 1980-இல்தான். நாஜி டாக்டர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், மனமொப்பிய சம்மதமே முதல் நிபந்தனை என்று 1947-லேயே சொல்லிவிட்டது. நமக்கு அது வந்து சேர முப்பத்து மூன்று வருஷம் பிடித்தது!

வந்த பிறகாவது மதித்தோமா? 2009-இல் ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளைச் சேர்த்துக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. அமெரிக்காவின் 'பாத்' நிறுவனமும் நமது ஆராய்ச்சிக் கழகமும் அதில் கூட்டு. சில சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணத்துக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. இருக்கட்டும். ஆனால் 2013-இல் பாராளுமன்ற நிலைக்குழு சம்மதப் படிவங்களைப் பற்றிச் சொன்னதை யார் மறுக்க முடியும்? ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாய் உயிரோடு இருக்க, சோறு போடும் விடுதிக்காரர் பிள்ளையின் உடம்பை எழுதிக் கொடுக்கிறார்!

இன்று சட்டம் இருக்கிறது. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், 2019-இன்படி, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சோதனையை விளக்கும்போது பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். படிவத்தின் பிரதி அவர் கையில் சேர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சோதனையால் கேடு வந்தால் வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. எளியவர்களிடம் புதிய ரசாயன மருந்தைச் சோதித்தால், சம்மதம் பெறுவதைப் படமும் ஒலியுமாகப் பதிய வேண்டும். வெறும் ரத்தம் எடுக்கும் ஆராய்ச்சிக்கும் கழகத்தின் 2017 நெறிமுறைகள் உண்டு. ஊர்த் தலைவர் அனுமதித்தாலும் தனி மனிதரின் சம்மதம் தனியே வேண்டும் என்று அவை சொல்கின்றன.

எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் பெருவிரலைக் கேட்கிறதா, அந்த விரலுக்குச் சொந்தக்காரியைக் கேட்கிறதா? விளக்கிய பிறகு, "அம்மா, நான் சொன்னதை நீங்கள் ஒரு தரம் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பார்க்கட்டும். அவள் வாயால் வந்தால் சம்மதம். வராவிட்டால் வெறும் மை. ஊர்ப் பெரியவர் ஊருக்குள் வர வழி விடலாம். அடுத்தவர் நரம்புக்குள் ஊசி ஏற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. முடிவு தெரிந்ததும், முதலில் ரத்தம் கொடுத்தவளிடம் திரும்பி வந்து, அவள் பேச்சிலேயே சொல்லட்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது, ஆராய்ச்சி நின்றுபோகுமே என்பார் என் நண்பர். நட்சத்திர ஆஸ்பத்திரியில் ஒரு செல்வந்தரின் விரலில் குத்துவதற்கு முன் பத்துத் தரம் விளக்குகிறவர் அவர்தான். அங்கே கிடைக்கும் நேரம் ஏரிக்கரையில் மட்டும் ஏன் கிடைக்காமல் போகிறது?

அந்த அம்மாள் இன்னமும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: "அதுல இன்னா இருந்துச்சி?" இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவளுக்கு, பதில் புரியாது என்று சொல்ல நாம் யார்?